பாறையின் ஜாதகம்

நம் வளாகத்தை ஒட்டி நிற்கும் ரிட்ஜுக்கு ஒரு முறையேனும் போகாத மாணவர் இருக்க முடியாது. தேர்வுக்கு முன் மனம் ஆறவும், தேர்வுக்குப் பின் மனம் தேறவும் அங்கே போகிறோம். குரங்குகளுக்கு அஞ்சிக் கையிலுள்ள பொட்டலத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, கொடிமரக் கோபுரம் வரை நடந்து திரும்புகிறோம். ஆனால் காலடியில் கிடக்கும் கல்லை ஒரு நிமிஷம் குனிந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? நிலவியல் மாணவன் என்ற உரிமையில், இந்த இதழின் சில பக்கங்களுக்கு மட்டும் உங்களைக் குனிய வைக்க விரும்புகிறேன்.

அந்தக் கல் குவார்ட்சைட் எனப்படும். ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி வால் இந்த ரிட்ஜ். வஜீராபாத்தில் யமுனைக் கரையோடு அது மறைந்துவிடுகிறது. பழுதுபடாத ஒரு துண்டை எடுத்துச் சோதனைச் சாலையில் நசுக்கினால், சதுர சென்டிமீட்டருக்கு 1,000 கிலோவுக்கு மேல் சுமை ஏற்றிய பிறகே உடையும். சுத்தியலால் அடித்தால் சுத்தியல்தான் திரும்பி வரும். இவ்வளவு வலிமையுள்ள கல்லால் ஆன குன்று வலிமையான குன்றாகத்தானே இருக்க வேண்டும் என்று தோன்றும். சாலைக்காக வெட்டப்பட்ட பக்கத்தில் நின்று பாருங்கள். குன்று முழுவதும் கோடுகள். ஒரு வரிசை கிடையாக, ஒரு வரிசை செங்குத்தாக, மற்றொரு வரிசை குறுக்காக. சுண்ணாம்பு வைக்காமல் அடுக்கிய செங்கற்களைப் போலக் கல் தனித்தனித் துண்டுகளாக நிற்கிறது. சரிய வேண்டுமானால் கல் உடையவே வேண்டியதில்லை. அந்தக் கோடுகளில் ஏதேனும் ஒன்றின் வழியே நழுவினால் போதும்.

ஆகவே எங்கள் துறையில் பாறை வேறு, பாறைத்திரள் வேறு. பாறை என்பது சோதனைச் சாலைக்கு வரும் துண்டு. பாறைத்திரள் என்பது பிளவுகளும், பிளவுகளுக்குள் இருக்கும் களிமண்ணும், கசியும் நீரும், மேலிருந்து அழுத்தும் சுமையும் சேர்ந்த முழு மலை. சுரங்கம் தோண்டுகிறவன் இந்த இரண்டாவதற்குள்தான் நுழைகிறான்.

பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் டில்லியிலேயே சான்று இருக்கிறது. தெற்கே பட்டி என்ற ஊரில், இதே குவார்ட்சைட் காலப்போக்கில் உளுத்துப் பொடியாகி மணலாகக் கிடந்தது. ‘பதர்பூர்’ என்று கட்டடத் தொழிலாளர் சொல்லும் மணல் அதுதான். ஆண்டுக்கணக்காக அதைத் தோண்டி நகரத்தைக் கட்டினார்கள். குழிகளின் சுவர் சரிந்து உயிர்கள் போயின. 1990களின் தொடக்கத்தில் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அவ்விடம் அசோலா–பட்டி காட்டுயிர்ப் புகலிடத்துக்குள் இருக்கிறது. பதிவேட்டில் ‘குவார்ட்சைட்’ என்று ஒரு சொல் மட்டும் எழுதியிருந்தால் ரிட்ஜும் பட்டியும் ஒன்றே. ஒன்றில் சுத்தியல் திரும்பி வரும். மற்றதில் மண்வெட்டி இறங்கும்.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. என் தாய்வழிப் பாட்டனார் கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் தாங்கல் மரம் கட்டும் குழுவில் வேலை பார்த்தவர். நான் டில்லியில் நிலவியல் படிக்கிறேன் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி: “கல்லைப் பத்திப் படிக்கிறியே கண்ணு, அது பேசறதைக் கேக்கச் சொல்லிக் குடுக்கறாங்களா?” அக்கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இக்கட்டுரை பிறந்தது. தங்கவயலுக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன், பாறையைப் பற்றிய தகவல் எப்படிப் பிறக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஜாதகத்தில் உங்களுக்கு நம்பிக்கை இருக்கலாம், இல்லாதிருக்கலாம். அதன் இலக்கணம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். பிறந்த நேரமும் ஊரும் தெரியாவிட்டால் சோதிடர் பலகையை மூடிவிடுவார். நேரத்தைத் தவறாகச் சொன்னாலோ அவர் மூட மாட்டார். கட்டம் போட்டு, ராசி எழுதி, பலனும் சொல்லிவிடுவார். கேட்பவருக்கு வேறுபாடு தெரியாது. பாறைத் தகவலும் இத்தகையதே. எண் இருக்கிறது, அந்த எண் எந்த இடத்தில், எந்த நாளில், யார் கையால், எந்தக் கருவியால், எந்த அலகில் பிறந்தது என்பது இல்லையென்றால், கணிப்பொறி தயங்காமல் ஒரு பலன் சொல்லும்.

நிலத்துக்குள் இருக்கும் பாறையை நாம் பார்க்கும் முதல் வழி துளையிடுதல். வைரப் பொடி பதித்த வளையம் சுழன்று கொண்டே இறங்க, நடுவில் உருளை வடிவாகக் கல் மிஞ்சும். இதனைத் துறையினர் ‘கோர்’ என்பர். மீட்டர் மீட்டராக எடுத்துப் பெட்டிகளில் அடுக்குவார்கள். 1960களில் அமெரிக்கப் பேராசிரியர் டான் டியர் ஓர் எளிய அளவையைச் சொன்னார். ஒரு மீட்டர் கோரில் 10 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள துண்டுகளை மட்டும் கூட்டுக; அது எத்தனை விழுக்காடு என்று பார்க்க. இதுவே ஆர்.க்யூ.டி. என்னும் பாறைத்தர எண். 30, 22, 15 சென்டிமீட்டர் துண்டுகள் மூன்று, மற்றவை எல்லாம் சிறு துண்டும் நொறுங்கலும் என்றால், 67 விழுக்காடு. பள்ளிப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு.

எளிமையில்தான் ஆபத்தும் இருக்கிறது. எல்லாத் துண்டுகளும் 10 சென்டிமீட்டராக இருந்தால் மதிப்பெண் நூற்றுக்கு நூறு. எல்லாமே ஒன்பதரையாக இருந்தால் சுழியம்! அரைச் சென்டிமீட்டரில் முதல் வகுப்பும் தோல்வியும். மேலும், பெட்டியின் நீளத்துக்குள் அடங்கவில்லை என்று துளையிடும் ஆள் ஒரு தட்டுத் தட்டி உடைத்திருப்பார். அந்த உடைப்பில் ஓர் அடையாளக் குறி போடாவிட்டால், அதைப் பாறையின் இயற்கைப் பிளவு என்று எண்ணி மறுநாள் வருபவர் மதிப்பெண்ணைக் குறைப்பார். களிமண் கலந்த பாறையாயின் வெயிலில் நான்கு நாள் கிடந்தாலே தானாக உதிர்ந்துவிடும். பிறகு அளப்பது பாறையையா, வெயிலையா? எடுத்த அன்றே அளந்தார்களா என்பதும் ஜாதகத்தில் இருக்க வேண்டிய குறிப்பு.

இந்த ஓர் எண்ணோடு வேறு சிலவற்றையும் சேர்த்துப் பாறைத்திரளுக்கு மொத்த மதிப்பெண் போடும் முறைகள் பின்னர் வந்தன. தென்னாப்பிரிக்காவில் பியனியாவ்ஸ்கி 1973இல் வகுத்த முறை புகழ்பெற்றது. 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கல்லின் வலிமைக்கு 15, பாறைத்தர எண்ணுக்கு 20, பிளவுகளின் இடைவெளிக்கு 20, பிளவுகளின் நிலைக்கு 30, நீருக்கு 15, ஆக 100. வலிமைக்கு வெறும் 15தான் என்பதைக் கவனியுங்கள்; பிளவின் முகம் வழவழப்பா சொரசொரப்பா, உள்ளே களிமண் உண்டா என்பதற்கு அதைப் போல இரு மடங்கு! நார்வேயில் பார்ட்டனும் அவர் தோழர்களும் 1974இல் மற்றொரு முறையைத் தந்தனர். நம் நாட்டு நிலக்கரிச் சுரங்கக் கூரைகளுக்கென்றே தன்பாதிலுள்ள மத்திய சுரங்க ஆராய்ச்சி நிலையம் 1980களில் தனி அளவையை ஆக்கியது. நிலக்கரிக்கு மேலே உள்ள கூரை மெல்லிய அடுக்குகளால் ஆனது. ஆகவே அதில் அடுக்கின் கனத்துக்கே 30 மதிப்பெண். இரவல் அளவையை அப்படியே மாட்டிக்கொள்ளாமல், நம் மண்ணின் நோவுக்கு ஏற்ப மாற்றிய இந்தச் செயலை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இனி ஒரு விந்தை. கோர் உண்மை பேசும்போதே பாதியை மறைத்துவிடும். அடுக்கி வைத்த அப்பளக் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கரோல்பாக்கில் வாங்கியதாகவே இருக்கட்டும். மேலிருந்து ஓர் ஊசியைக் குத்தினால் எல்லா அப்பளங்களையும் துளைக்கும். எத்தனை இடைவெளிகள் என்று எண்ணிவிடலாம். பக்கவாட்டிலிருந்து இரண்டு அப்பளங்களுக்கு நடுவே குத்தினாலோ ஊசி ஒன்றையும் தொடாமல் மறுபுறம் வரும். ஒரே கட்டு, ஓர் ஊசிக்கு நூறு பிளவுகள், மற்றோர் ஊசிக்கு ஒன்றுமே இல்லை. அதுபோல, செங்குத்தாக இறக்கிய துளை செங்குத்தான பிளவுகளைச் சந்திப்பது அரிது. ரூத் டெர்ஸாகி என்ற அம்மையார் 1965இல் இதற்குத் திருத்தக் கணக்கு ஒன்றைக் கொடுத்தார். துளைக்கும் பிளவுக்கும் உள்ள கோணத்தைக் கொண்டு, குறைவாக அகப்படும் பிளவுகளுக்கு மிகுதியான எடை தரவேண்டும். ஆனால் ஒன்றுகூட அகப்படாத பிளவுக்கு எந்தக் கணக்கும் உதவாது. துளையை வேறு திசையில் சாய்த்து மீண்டும் இடுவதுதான் வழி. அதற்குப் பணம் வேண்டும்.

பணம் என்றதும் ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வருகிறது. துளைகளை இடச் சொல்பவர் பெரும்பாலும் கனிமத்தைத் தேடுபவர். எனவே துளைகள் எல்லாம் கனிமத்தை நோக்கியே போகும். குழியின் சரிவோ, சுரங்கத்தின் வாயிலோ, கிடங்கறையோ அமைவது கனிமத்துக்கு வெளியே, வெறும் பாறையில். எந்தப் பாறை நின்றால் மனிதர் பிழைப்பரோ அந்தப் பாறையைப் பற்றிய தகவல்தான் மிகக் குறைவாக இருக்கும். இது இன்றும் உலகெங்கும் உள்ள குறை.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சென்ற குளிர்காலத்தில் கள வேலைக்காக ராஜஸ்தானத்தில் ஒரு கற்குழிக்குப் போனோம். நால்வர் கொண்ட குழு, திசைமானி இரண்டு. பிளவுத்தளம் ஒவ்வொன்றும் எந்தத் திசையில், எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று எழுத வேண்டும். நானும் என் கூட்டாளியும் சாய்வுத் திசையை எழுதினோம். மற்ற இருவரும் நீட்சித் திசையை, அதாவது தளம் கிடையாக ஓடும் திசையை எழுதினர். இரண்டும் சரியான முறைகளே. இரண்டுக்கும் இடையே சரியாக 90 பாகை வேறுபாடு. நான் 130 என்று எழுதிய அதே பிளவு அவர்கள் ஏட்டில் 40. எந்த ஏட்டிலும் மேலட்டையில் ‘இது இன்ன முறை’ என்ற ஒரு வரி இல்லை. விடுதிக்கு வந்து நான்கு ஏடுகளையும் ஒரே அட்டவணையில் கொட்டினோம். ஒரு பிளவு வரிசை இருந்த இடத்தில் இரண்டு வரிசைகள் அழகாகத் தெரிந்தன!

அந்தக் குழியின் சுவர் 130 பாகைத் திசையை நோக்கிச் சாய்ந்திருந்தது. அதே திசையில் 60 பாகை சாய்ந்த பிளவுகள்தாம் குழிக்குள் நழுவி விழக்கூடியவை. எங்கள் அட்டவணையிலோ அவற்றுள் பாதி சுவருக்குப் பக்கவாட்டில் சாய்ந்து தீங்கற்றவையாகக் காட்சி தந்தன. அழகான படம் ஒன்றை ஆசிரியரிடம் நீட்டினோம். அவர் படத்தைப் பார்க்கவில்லை, ஏடுகளைக் கேட்டார். மறுவாரம் எங்கள் செலவில் மீண்டும் போய் அளந்து வந்தோம். எங்களுக்குப் போனது பேருந்துக் கட்டணம்; அந்தச் சுவருக்குக் கீழே வேலை செய்பவருக்கு என்ன போயிருக்கும் என்று அன்றிரவு பேசிக்கொண்டிருந்தோம்.

நிற்க. தகவல்கள் திரண்ட பின்பு உருமாதிரி செய்ய வேண்டும். மலையை முழுவதுமாக ஒரு தட்டு மைசூர்பாகு என்று கொள்வோம். அதைத் துண்டு போடுவதுபோல, பூமியைப் பத்து மீட்டர் அளவான கட்டங்களாகக் கணிப்பொறிக்குள் வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மதிப்பு எழுதுகிறார்கள். துளை சென்ற கட்டங்களில் அளந்த மதிப்பு இருக்கும். இடைப்பட்டவற்றை ஊகித்து நிரப்ப வேண்டும். தங்கத்தின் செறிவை இப்படி ஊகிக்கும் கணித முறைக்கு வித்திட்டவர் தென்னாப்பிரிக்கப் பொறியாளர் கிரீகே; 1951இல் அங்குள்ள தங்கச் சுரங்கங்களின் தகவல்களைக் கொண்டே அதைச் செய்தார். ஆனால் தங்கத்துக்குப் பொருந்துவது பாறைத்தர எண்ணுக்கு அப்படியே பொருந்தாது. தங்கம் எந்தத் திசையில் துளைத்தாலும் அதே தங்கம். பாறைத்தர எண்ணோ, அப்பளக் கட்டில் கண்டோமே, ஊசியின் திசைக்கு ஏற்ப மாறும். இரண்டு துளைகளின் எண்கள் 80, 20 என்றால் நடுவில் 50 என்று எழுதுவது மென்பொருளுக்கு மிக எளிது. உண்மையில் நடுவே ஒரு பிளவுப்பெயர்ச்சி ஓடி, அதற்கு இப்புறம் எல்லாம் 80, அப்புறம் எல்லாம் 20 என்றிருக்கக்கூடும். 50 எங்குமே இராது. ஆகையால் முதலில் நிலவியலாளன் நடந்து பார்த்து, ஒரே குணமுள்ள பகுதிகளுக்கு எல்லை போட வேண்டும். அதற்குப் பிறகே கணக்கு அந்த எல்லைக்குள் ஓட வேண்டும்.

நிரம்பிய உருமாதிரி சிவப்பு, மஞ்சள், பச்சை என்று திரையில் சுழலும்போது கொள்ளை அழகு. அந்த அழகைக் கண்டு எனக்கு அச்சமே வருகிறது. அளந்த கட்டமும் ஊகித்த கட்டமும் ஒரே பச்சையில் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டத்தோடும் ‘மிக அருகிலுள்ள துளை இத்தனை மீட்டர் தூரத்தில்’ என்ற மற்றோர் எண்ணையும் சேர்த்து வைத்து, தூரமானவற்றைச் சாம்பல் நிறத்தில் காட்ட வேண்டும் என்பது என் கட்சி. சாம்பல் நிறைந்த படத்தை நிர்வாகிகளுக்கு யார் காட்டத் துணிவார் என்று என் நண்பன் கேட்கிறான். அதுவும் நியாயமான கேள்விதான்.

இப்போது தங்கவயல். 1880 முதல் ஜான் டெய்லர் குழுமத்தார் நடத்திய சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசிடமும், 1962இல் மத்திய அரசிடமும் வந்தன. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்று, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. இயற்பியல் நண்பர்கள் அதனை வேறு காரணத்துக்காக அறிவர். 1965இல் வளிமண்டல நியூட்ரினோவின் தடயம் பிடிபட்டது அந்தச் சுரங்கத்தின் ஆழத்தில்தான். அவ்வளவு பாறை மேலே கவிந்திருந்ததால் மற்றக் கதிர்கள் உள்ளே வர முடியவில்லை. விஞ்ஞானிகளுக்குக் குடையாக இருந்த அதே பாறை தொழிலாளிக்குச் சுமை. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், மேலுள்ள பாறையின் எடை மட்டுமே சதுர சென்டிமீட்டருக்கு 800 கிலோவுக்குக் குறையாது. ஒரு ரூபாய் நாணயத்தின் பரப்பில் ஏறத்தாழ 3 டன்!

அங்குள்ள பாறை நல்ல பாறை. மதிப்பெண் போட்டால் உயர்ந்த மதிப்பெண்ணே பெறும். துன்பமும் அதனால்தான். மென்மையான பாறை அழுத்தம் தாங்காமல் மெல்ல நெளிந்து கொடுத்துவிடும். உறுதியும் விறைப்பும் உள்ள பாறை வில்லைப் போல வளைந்து சக்தியைச் சேர்த்து வைக்கும். எல்லை கடந்த கணத்தில் வெடிக்கும். இதுவே பாறை வெடிப்பு. வெடிமருந்து இல்லாமலே சுவர் சிதறிச் சுரங்கப் பாதையை அடைத்துவிடும். பெரிய வெடிப்பானால் மேலே ஊரில் வீடுகள் அதிரும். இரவில் பரணிலுள்ள பாத்திரங்கள் கிணுகிணுக்க, எந்த ஷாஃப்டில் யார் ஷிப்டு என்று எண்ணிக்கொண்டு பெண்கள் லைன் வீடுகளின் வாசலுக்கு வந்து நின்றதை என் தாயார் சொல்லியிருக்கிறார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்கே வெடிப்புகள் தொடங்கிவிட்டன. தொடக்கத்தில் அவை விதியென்று கருதப்பட்டிருக்கலாம். ஒவ்வொன்றும் எங்கே, எப்போது நிகழ்ந்தது என்று எழுதத் தொடங்கியபோதுதான் அவற்றுக்கும் ஓர் ஒழுங்கு இருப்பது தெரிந்தது. இரண்டு பக்கமும் தங்கக் கல்லை வெட்டி எடுத்துவிட்டு நடுவில் விடப்பட்ட சிறு தூண்களில் வெடிப்பு மிகுதி. எடுத்த பகுதியின் சுமையும் அந்தத் தூணின் தலையில் இறங்குகிறது அல்லவா? குறுக்கே சுவர்போல் பாய்ந்து கிடக்கும் டைக் என்னும் எரிபாறைகளையும் பிளவுப்பெயர்ச்சிகளையும் வெட்டுமுகம் நெருங்கும்போது ஆபத்து மிகுதி. இதை அறிந்த பின்பு எதை முதலில் வெட்டுவது, எதை அடுத்து வெட்டுவது என்ற வரிசையே மாறிற்று. கண்ட இடத்தில் தூண் விடும் வழக்கம் குறைந்தது. மரத் தாங்கல்களுக்குத் துணையாகக் கருங்கல் சுவர்களும் பின்னர் கான்கிரீட்டும் வந்தன. பாறையின் வலிமையை ஒரு துளிகூட மாற்ற முடியவில்லை. வெட்டும் வரிசையை மாற்றியதால் உயிர்கள் தப்பின. அதற்கு வழி காட்டியது பதிவேடு.

1970களின் இறுதியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு அங்கே நில அதிர்வைப் பிடிக்கும் கருவிகளின் வலை அமைந்தது. அதன் தத்துவம் எளிது. பாறை நொறுங்கும் ஒலியலை நொடிக்கு ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் வேகத்தில் பரவி, அருகிலுள்ள கருவியை முதலிலும் தூரத்திலுள்ளதைப் பின்னரும் சேரும். பல கருவிகளின் நேர வேறுபாட்டைக் கொண்டு ஒலி பிறந்த இடத்தைக் கணக்கிடலாம். இங்கேயும் ஜாதகக் கதைதான். ஒரு கருவியின் கடிகாரம் நொடியில் நூறில் ஒரு பங்கு பிசகினால் அலையின் தூரத்தில் 60 மீட்டர் பிசகு வரும். டைக்குக்கு இப்பாலா அப்பாலா என்பது அந்த 60 மீட்டரில் அடங்கியிருக்கலாம். நாளை காலை ஷிப்டு எந்தப் பாதையில் இறங்கலாம் என்பதும் அதில் அடங்கியிருக்கலாம். என் பாட்டனார் ‘கல் பேசுகிறது’ என்றாரே, அந்தப் பேச்சையே இந்த வலை எழுதி வைத்தது. அவர் ஒரு முகத்தில் நின்று கேட்டார். வலை சுரங்கம் முழுவதும் காது வைத்துக் கேட்டது. அவர் கேட்டது அவரோடு வீட்டுக்குப் போயிற்று. வலை கேட்டது தேதியோடு மேசையில் இருந்தது.

1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலில் தொடங்கப்பட்டதும் காரணமற்றதன்று. 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. நீரிறைக்கும் பம்புகள் நின்றன. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் குடைந்த வெற்றிடங்களில் நீர் ஏறத் தொடங்கியது. வெட்டுவோர் இல்லாவிட்டாலும் அதிர்வுகள் நிற்கவில்லை. நீர் ஏறிவந்த ஆண்டுகளிலும் கருவிகள் அவற்றைப் பதிந்தன. மூடிய சுரங்கத்தின் வரைபடம் யாருக்கு வேண்டும் என்று கேட்போருக்கு இதுவே விடை. அதன்மேல் ஒரு ஊர் வாழ்கிறது. எங்கே தூண், எங்கே வெற்றிடம், எங்கே நீர் என்பது அவ்வூர் மக்களுக்கு வேண்டும். பழைய சுரங்க வரைபடங்கள் துணியிலும் காகிதத்திலும் இருப்பவை; அடியிலும் ஃபாதத்திலும் அளந்தவை; ஒவ்வொரு சுரங்கத்துக்கும் தனித்தனி வடக்கும் தனித்தனிச் சுழியமும் இருப்பதுண்டு. அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றுபவர் ‘300’ என்ற எண்ணுக்குப் பின்னால் அடியா மீட்டரா என்று எழுத மறந்தால், அடுத்த தலைமுறை இல்லாத இடத்தில் வெற்றிடத்தைத் தேடும்.

தங்கவயலைப் போலவே நெய்வேலியும் நமக்கு நெருங்கிய ஊர்தான். அங்கே கதை தலைகீழ். பாறை மென்மையானது, அழுத்தம் கீழிருந்து வருகிறது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அடைபட்ட நிலத்தடி நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டுகிறது. மேல்மண்ணை அகற்றிய பின் அந்த நீரைத் தணிக்காவிட்டால் குழியின் அடித்தளமே பெயர்ந்து வெள்ளம் புகும். எனவே சுரங்கத்தைச் சுற்றிலும் குழாய்க் கிணறுகள் இடைவிடாமல் இறைக்கின்றன. அங்கே உருமாதிரி என்பது பாறையைவிட நீரைப் பற்றியது. ஒவ்வொரு கிணற்றின் நீர்மட்டமும் நாள்தோறும் புதுப்பிக்க வேண்டிய செய்தி. ஒரு முறை செய்து சட்டம் போட்டு மாட்டிவைக்கும் உருமாதிரி அங்கே ஒரு வாரத்துக்கும் உதவாது.

அளந்துகொண்டே இருப்பதன் பயனை வெளிநாட்டு நிகழ்ச்சி ஒன்று தெளிவாகக் காட்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பிங்காம் செப்புச் சுரங்கத்தில் 2013 ஏப்ரல் 10ஆம் நாள் இரவு குழியின் ஒரு பக்கம் முழுவதும் சரிந்தது. கோடிக்கணக்கான டன் பாறை; பெரிய லாரிகளும் மண்வாரி எந்திரங்களும் புதைந்தன. ஒருவருக்கும் காயமில்லை. சுவர் நகர்வதை ராடார் முதலிய கருவிகள் முன்கூட்டியே காட்டின. எண்கள் ஏறுவதைக் கண்டு அன்று பகலிலேயே ஆட்களை அப்புறப்படுத்தினர். எண்ணைப் பார்க்க ஒருவரும், பார்த்ததும் வேலையை நிறுத்த அதிகாரம் உள்ள ஒருவரும் அங்கே இருந்தனர். மூன்றாண்டுகள் கழித்து, 2016 டிசம்பர் 29 இரவு, ஜார்க்கண்டின் லால்மட்டியா அருகே ராஜ்மகால் நிலக்கரிச் சுரங்கத்தில் மண்மேடு சரிந்து 23 பேர் இறந்தனர். இவ்விரண்டையும் அடுத்தடுத்து எழுதும்போது என் பேனா சற்றே நிற்கிறது.

சென்ற விடுமுறையில் மாரிகுப்பத்தில் இறங்கிப் பாட்டனாரிடம் போயிருந்தேன். அவர் வேலை செய்த இடத்தை வரைந்து காட்டச் சொன்னேன். கடந்த ஆண்டு நாட்காட்டியின் முதுகில் பென்சிலால் வரைந்தார். ஷாஃப்ட், அதிலிருந்து பிரியும் பாதை, மரம் கட்டிய இடங்கள், ‘இங்கே மட்டும் எப்பவும் சத்தம்’ என்று ஒரு பெருக்கல் குறி. “எவ்வளவு ஆழம் தாத்தா?” என்றேன். லெவல் எண்ணைச் சொன்னார். மீட்டர் அவருக்குத் தெரியாது. நான் மூலையில் தேதியையும், சொன்னவர் பெயரையும், நினைவிலிருந்து வரைந்தது என்பதையும், அளவு விகிதம் இல்லை என்பதையும் எழுதினேன். அவர் சிரித்தார். டில்லிக்கு வந்து பிரித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, வடக்கு எந்தப் பக்கம் என்று நான் கேட்கவே இல்லை. தீபாவளிக்குப் போகும்போது கேட்க வேண்டும்.